லூயிசின் வன்னி நூலும் முன்னோரைத் தேடுவோரும்

தம் குடிமுதல்வர் யாவர், அவர் எவ்வூரில் வாழ்ந்தார், எத்தொழில் செய்தார் என அறியும் அவா மக்கட்கு இயல்பாயுள்ளதொன்று. முன்னாளில் அவ்வவாவைத் தீர்க்க நூலெதுவும் வேண்டியிருக்கவில்லை. பாட்டியார் திண்ணையிலிருந்து சொன்னாலே போதியதாயிருந்தது. அவர் சொன்ன வளவும் வயலும் குளமும் நடந்து சென்று காணத்தக்க தொலைவிலேயே இருந்தன. இன்று நிலைமை வேறு. வன்னி நிலத்துக் குடும்பங்களிற் பெரும்பங்கின ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கிளைவிட்டிருக்கின்றன. அங்குப் பிறந்த பேரப்பிள்ளைகள் தம் வேரைத் தேட முற்படும்போது திண்ணையுமில்லை, பாட்டியாருமில்லை. எழுத்திலுள்ளதே துணை. அவ்வாறு தேடுவோர் கையில் முதலில் அகப்படும் நூல் ஜே. பி. லூயிஸ் எழுதி 1895 ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளிவந்த வன்னி மாவட்டக் கைநூலாகும். இந்நூலின் தகுதி யாது, முன்னோரைத் தேடுவார்க்கு அது எவ்வளவிற்குப் பயன்படும், எவ்விடத்தில் அவர்களை வழிதவறச் செய்யும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லூயிஸ் வன்னியில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்தவர். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய இரு பகுதிகளின் வரலாறு, குடிசனம், சாதி வழக்கங்கள், வேளாண்மை, குளங்கள் என்பனவற்றை ஒரே நூலில் தொகுத்துத் தந்த முதல்வர் அவரே எனலாம். அவருக்கு முன் 1834 இல் சைமன் காசிச்செட்டி வெளியிட்ட இலங்கை இடவகராதியில் வன்னியைப் பற்றிய குறிப்புக்கள் உள. ஆயினும் அவை சுருக்கமானவை. லூயிசின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று. காட்டுவழியே வண்டியிலும் குதிரையிலும் சென்று, ஊரூராய் விசாரித்து எழுதிய அதிகாரிகள் எத்தனை பேர் அக்காலத்திலிருந்தனர்? குறை நூலினதன்று, அதனைக் குடிவரலாறாகக் கருதிப் படிப்பவர்களுடையது. ஆட்சி செய்வோன் தனக்குப் பின்வரும் ஆட்சியாளனுக்கு எழுதிவைத்த நூல் அது. எத்தனை குளம், எத்தனை ஏக்கர், எத்தனை தலை என்பன அதன் வினாக்கள். "என் பூட்டன் யார்?" என்பது அதன் வினாவன்று.

ஆவணங்கள் யாவும் ஒருவர் வினாவிற்கு மற்றொருவர் அளித்த விடைகளே. வன்னியைப் பொறுத்தவரை அவ்வினாக்களுட் பெரும்பாலானவை "எமக்கு நீ யாது தரவேண்டும்?" என்னும் ஒரே வினாவின் திரிபுகளாயிருந்தன. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் வன்னியர்களிடம் அவர்கள் எதிர்பார்த்த திறை யானையாகும். பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, முள்ளியவளை, மேல்பற்று முதலிய பற்றுக்களின் தலைவர்கள் இத்தனை யானை தந்தார், இத்தனை நிலுவை வைத்தார் என அவர்தம் எழுத்துக்கள் கூறும். யானைகள் வன்னியிலிருந்து நீரைக் கடந்து குடாநாட்டினுட் சென்ற துறைக்கு ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆனால் அந்த யானையைக் குழிவெட்டிப் பிடித்தவன், பழக்கியவன், நாட்கணக்காக நடத்திச் சென்றவன் பெயரை அவ்வெழுத்துக்களில் தேடுதல் வீண். திறை செலுத்தக் கடமைப்பட்டவன் வன்னியன். ஆகவே வன்னியன் பெயர் மாத்திரம் ஏட்டிலேறியது. லூயிஸ் ஒல்லாந்தர் கால எழுத்துக்களைத் துணைக்கொண்டு வரலாறு எழுதியபோது இந்தக் குறையும் அவர் நூலினுட் குடிபுகுந்தது.

தமிழ் நூல்கள் இக்குறைக்கு விலக்கோ எனின், அன்று. மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றியதே ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளின்பேரில் என்பது அந்நூலின் பாயிரத்தாற் பெறப்படும். அவர் எடுத்தாண்ட நூல்களுள் ஒன்றாகிய வையாபாடல், மதுரையிலிருந்து வன்னியர் அடங்காப்பற்றிற்கு வந்து குடியேறிய கதையைக் கூறுவது. க. செ. நடராசா அதனை 1980 இற் பதிப்பித்த பின்னர் புலம்பெயர்ந்த வன்னி மக்கள் பலர் தம் குலத்தின் பெயரை அதனுட் கண்டு மகிழ்வதுண்டு. மகிழ்ச்சியைக் கெடுப்பது எமது கருத்தன்று. எனினும் ஒரு குலம் வந்ததென நூல் கூறுவது வேறு. குறித்த ஒருவரின் பாட்டனுக்குப் பாட்டன் வந்தான் எனக் காட்டுவது வேறு. முன்னது மரபுரை, பின்னதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சான்று வேண்டும். முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனமும் தோன்றிய காலந்தொட்டு இந்த வேறுபாட்டை நம்மவர் அறிவர். பின்னர் கா. இந்திரபாலா, சி. பத்மநாதன் ஆகியோர் கல்வெட்டுக்களையும் பிறநாட்டார் குறிப்புக்களையும் வைத்து இம்மரபுரைகளை நிறுத்துப் பார்த்துள்ளனர். அறிஞர் நிறுத்துப் பார்த்தவற்றை வீட்டு வரலாறு எழுதுவோர் நிறுக்காமலே எடுத்துக்கொள்வதுதான் வியப்பு.

இவ்வியப்பு மிகுவது பண்டாரவன்னியன் பெயர் வரும் இடத்திலாகும். 1803 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய அவ்வீரனை அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கப்டன் வொன் ட்றிபேர்க் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவிலே நாட்டப்பட்ட கல் கூறும். தோற்கடித்தமையை மாத்திரமே அக்கல் கூறுகின்றது. களத்தில் அவன் மடிந்தான் என்று கூறவில்லை. வென்றவன் பெயர் முன்னும் தோற்றவன் பெயர் பின்னுமாக நிற்கின்றன; தோற்றவனின் மனைவி, மக்கள், ஊர் எதுவும் இல்லை. இருந்தும் வன்னியில் மரபுப் பெருமை பேசும் வீடுகளுள் எத்தனை அக்கல்லிலிருந்தே தம் கொடிவழியை வரையத் தொடங்குகின்றன! வன்னியனின் வழித்தோன்றலாயிருக்க எல்லோரும் விழைகின்றனர். வன்னியனுக்காக வில்லேந்தியவனின் பேரன் என்று சொல்ல ஒருவரையேனும் காணோம். எண்ணிப் பார்த்தால், வில்லேந்தியோர் தொகை நிச்சயமாக மிகுதியாயிருந்திருக்கும். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்களின் நிலை இதற்கு முற்றும் மாறானது. திருச்சபைப் பதிவேடுகளில் அவர்தம் ஞானமுழுக்கும் திருமணமும் இறப்பும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தமையால், 1908 இற் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை அக்குடும்பங்களின் வழிமுறை அட்டவணைகளைத் தொடர்ச்சியாக வெளியிட முடிந்தது. காட்டோரத்துச் சைவ வேளாளனுக்கோ, கரையோரத்து மீனவனுக்கோ அத்தகைய பதிவேடு வாய்க்கவில்லை.

இனி, ஒல்லாந்தர் தோம்பு என்னும் பெயரைக் கேட்டவுடன் அதிலே தம் முன்னோர் இருப்பர் என நம்பிக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திற்கும் நெதர்லாந்துக்கும் எழுதுவோர் பலர். தோம்பு என்பது காணிகளையும் அவற்றிலுள்ள மரங்களையும் உடையவரையும் இறுக்கவேண்டிய வரியையும், தலைவரிக்கும் ஊழியத்துக்கும் உரியவர்களையும் எழுதிய ஏடு. ஒல்லாந்தர் நேராக ஆண்ட யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அது பொருந்தும். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற நான்கு பகுதிகளும் அதனுள் அடங்கும். வன்னியோ திறைகொடுத்த நாடு. அங்கு வரியிறுப்பவரை ஒல்லாந்தர் வீடுவீடாக எழுதவேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலேதான் வன்னியர்களை அகற்றித் தோமஸ் நாகெல் என்பாரை ஆட்சியாளராக அமர்த்தினர். அவர் 1793 இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதினார். மூன்றாண்டில், 1796 இல், ஒல்லாந்தர் ஆட்சியே முடிந்துபோயிற்று.

இதனால் விளையும் ஒரு விநோதத்தைக் காண்க. இன்றைய கிளிநொச்சி மாவட்டத்தின் வடமுனையிலுள்ள பளையைச் சேர்ந்தவருக்குப் பச்சிலைப்பள்ளியின் மூலம் தோம்பிற் தேட வழியுண்டு. ஆனையிறவைக் கடந்து தெற்கே வந்தவுடன் அவ்வழி அடைபட்டுவிடும். மாவட்டம் ஒன்றே, ஆவண வரலாறு இரண்டு. மேலும், கிளிநொச்சி ஒரு தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. முல்லைத்தீவு இன்றைய உருவில் மாவட்டமானது 1978 இல். வடமாகாணமே 1873 வரை அநுராதபுரப் பகுதியையும் தன்னுட் கொண்டிருந்தது. ஆகவே இன்றைய மாவட்டப் பெயரை வைத்துக்கொண்டு பழைய ஏட்டைத் தேடுபவன், கிணறு இருக்கும் வளவை விட்டு அடுத்த வளவில் வாளியை இறக்குபவனை ஒப்பான். லூயிசின் நூலுக்கு இவ்விடத்தில் ஒரு தனிப்பயன் உண்டு: எவ்வூர் எப்பற்றைச் சார்ந்திருந்தது என்பதை அறிதற்கு அது கைவிளக்காகும். பற்றின் பெயர் தெரிந்தாற்றான் பழைய ஏட்டின் கதவு திறக்கும்.

பெயர்களின் இடர்ப்பாட்டையும் ஈண்டுக் கூறல்வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே மகனின் பெயருக்கு முன்னிற்கும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவது வழக்கம். பெயரன் என்பதே பேரனாயிற்று. எனவே வேலன் கந்தன், கந்தன் வேலன், மறுபடியும் வேலன் கந்தன் என ஒரே இரு பெயர்கள் நூற்றாண்டுக் கணக்காக மாறிமாறி வரும். ஆண்டைக் குறியாமற் பெயரை மாத்திரம் ஒப்பிடுபவர் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கிவிடுவர். சிலவேளை உடன்பிறந்தார் பிள்ளைகளைத் தந்தையும் மகனுமாக்குவர். இதனோடு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தம் செவிக்குப் பட்டவாறு எழுதிய எழுத்து வேறு. லகர ளகர ழகர வேறுபாடு அவர்தம் எழுத்தில் இல்லை. வெளிநாட்டிற் பிறந்து தமிழெழுத்தை அறியாத இளைஞர், ஆங்கில எழுத்துக்களை மாத்திரம் வைத்து இரு குடும்பங்களை ஒன்றாக்கிய அட்டவணைகள் எம் பார்வைக்கு வந்துள்ளன. தேட்டத்திற்கு முதற்கருவி தமிழறிவே.

லூயிசின் எழுத்துக்களுள் முன்னோரைத் தேடுவோர்க்கு உண்மையில் மிகப் பயன்படுவது, பலரும் புரட்டாது விடும் பகுதியாகிய ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாகும். வன்னியின் இடப்பெயர்களைப் பற்றி அவர் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் தனிக்கட்டுரையும் எழுதினார். குளம், மோட்டை, மடு, கேணி, முறிப்பு என முடியும் பெயர்கள் வன்னியில் மலிந்துள்ளன. புளியங்குளம், நொச்சிமோட்டை, நெடுங்கேணி என மரத்தாலும் இயல்பாலும் பெயர்பெற்றவை ஒருபுறம். கனகராயன்குளம் போல ஆட்பெயரைத் தாங்கியவை மறுபுறம். வன்னியானுக்கு ஊர் என்பது குளமே. குளம் உடைந்தால் ஊர் பெயரும். கட்டினால் ஊர் மீளும். முறிப்பு என்ற சொல்லே அணை முறிந்த இடத்தைக் காட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காய்ச்சலும் பறங்கிநோயும் வன்னிக் குடிகளை வாட்டின. பறங்கிநோயைப் பற்றி மருத்துவ அதிகாரி கின்சி 1881 இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கையே அளிக்கவேண்டியதாயிற்று. அந்நோய்களாற் பல சிற்றூர்கள் ஆளற்றுப் போயின. குளத்தின் பெயர் மாத்திரம் எஞ்சியது. "எமது ஊர் இன்ன குளம்" என்று பாட்டியார் சொன்னதை இன்றைய படத்திற் காணாதவர், அது கற்பனையென்று தள்ளிவிடலாகாது. பழைய நிலவளவைப் படங்களில் அது பாழ்குளமாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். அன்றியும், ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருத்தலால், புளியங்குளம் என்று கேட்டவுடன் கண்டி வீதியிலுள்ள புளியங்குளமே அது எனத் துணிதலும் ஆகாது.

குடிசன மதிப்பு 1871 இல் முறையாகத் தொடங்கிற்று. பிறப்பு இறப்புப் பதிவு 1867 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் நிலைபெற்றது. முன்னதன் அறிக்கைகளிற் தொகையுண்டு, பெயரில்லை. பின்னதிற் பெயருண்டு, ஆனால் பதிவுகாரர் இருந்த இடத்திற்கும் காட்டூருக்கும் இடையே கிடந்த தூரத்தை எண்ணுக. பதியாத பிறப்புக்களும் இறப்புக்களும் பல.

இத்துணையும் கூறியவை ஆண்வழிச் சான்றுகளே. லூயிசின் நூலிலும் வன்னியர் பட்டியலிலும் பெண்டிர் அருகியே தோன்றுவர். ஆயின் நம் நாட்டுச் சொத்துமுறை பெண்ணை மறைக்கவில்லை. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஈசாக் தொகுத்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாக்கும். அவற்றுட் சீதனம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் இயல்பினது. 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் உறுதியாக எழுதப்படல் வேண்டுமென்றாயிற்று. ஒரு சீதன உறுதியில் மணமகள் பெயர், அவள் தாய் தந்தையர் பெயர், மாப்பிள்ளை பெயர், காணியின் நாற்புறத்து எல்லைக்காரர் பெயர் ஆகியன இருக்கும். அக்காணி தாய்க்கு எவ்வாறு வந்தது என்பதும் கூறப்பட்டிருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறை, அதுவும் பெண்வழியில்! எல்லைக்காரர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பர். வன்னியில் உறுதிக் காணி குடாநாட்டிலுள்ள அளவு இல்லையென்பது மெய். முடிக்குரிய காணியே மிகுதி. எனினும் பழைய ஊர்களின் வயல்வெளிகளுக்கு உறுதிகள் உண்டு. 2009 ஆம் ஆண்டுப் போரிறுதியில் மக்கள் முள்ளிவாய்க்கால் வரை சுமந்து சென்று இழந்த பொருள்களுள் இவ்வுறுதிகளும் அடங்கும். ஆனால் நொத்தாரிசு எழுதும் உறுதிக்கு இணைப்பிரதியொன்று காணிப் பதிவகத்துக்குச் செல்வது சட்டம். வீட்டுப்பிரதி போனதென்று தேட்டத்தையே கைவிடுவோர் இதனை அறியாதவர்.

எழுதப்படாத ஆவணமொன்றும் வன்னியிலுண்டு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை அறியாதார் இலர். சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அக்கடல்நீரில் விளக்கேற்றி, பின் வற்றாப்பளையிற் பொங்கல் நிகழும். தீர்த்தமெடுத்தல், மடைப்பண்டமெடுத்தல் முதலிய பணிகள் வழிவழி உரிமையாக வருவன. இப்பணி இக்குடும்பத்தது என்பதற்கு யாரும் ஏடு காட்டுவதில்லை. ஆண்டுதோறும் செய்வதே ஏடு. உரிமையைப் பற்றிப் பிணக்கு எழும்போது முதியோர் ஐந்தாறு தலைமுறையை ஒப்புவிப்பர். அவ்வொப்புவிப்பிலும் பெருமைக்காகச் சேர்த்தது சிறிது இருக்கும். எனினும் அயலவர் அனைவர் முன்னிலையிலும் சொல்லப்படுவதாகலின், தனியறையிலிருந்து வரைந்த கொடிவழியினும் அதற்கு உறுதி மிகுதி என்பது எமது துணிபு. லூயிஸ் இத்தகைய உரிமைகளை வழக்கமென எழுதினாரேயன்றிக் குடிவரலாற்றுச் சான்றாகக் கொண்டிலர்.

வன்னியின் இன்றைய மக்களுள் ஒரு பெரும்பகுதியினருக்கு லூயிசின் நூல் யாதும் சொல்லாது. மலையகத்திலிருந்து, சிறப்பாக 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய தோட்டத் தொழிலாளர் வழிவந்தோரே அவர். அவர்தம் பூட்டன்மாருட் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே கால்நடையாகச் சென்றவர்கள். மொரீசியசுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் இலக்கம், கப்பல், தந்தை பெயர், பிறந்த ஊர் என்பன எழுதிய ஏடுகள் பேணப்படுகின்றன. இலங்கைக்கு வந்தோர் கங்காணியின் கீழ்க் கூட்டமாக வந்தனர். கணக்குக் கங்காணியின் பெயரில்; கடன் கூட்டத்தின் தலையில். ஆகவே தனியாளின் ஊர் பல சந்தர்ப்பங்களில் எங்கும் எழுதப்படவில்லை. அதே மக்களிடம் 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது யாது? சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இங்கு பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனர் என்றோ காட்டவேண்டும் என்பதாகும். பிறப்புப் பதிவே 1867 இல் நிலைபெற்ற நாட்டிற் பூட்டனின் பிறப்பை எவ்வாறு காட்டுவது? அச்சட்டத்திற்குக் கையுயர்த்தியோருள் எத்தனை பேர் தம் பூட்டனின் பத்திரத்தைக் காட்டியிருப்பரோ! அம்மக்களுக்குக் கொடிவழி என்பது ஓய்வுநேர விருப்பமன்று. அஃது இல்லாமையால் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டபோது ஒரு வீட்டின் உடன்பிறந்தார் இரு நாட்டுக்குப் பிரிந்த கதைகள் பல. எனினும் பிரசாவுரிமைக்காக அவர்கள் கொடுத்த விண்ணப்பங்களே இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்றாகியுள்ளன. பறிப்பதற்காகக் கேட்ட வினாவின் விடை, தேடுவோருக்குப் பயன்படுகின்றது.

குடியேற்றத் திட்டங்களின் ஆவணமும் அத்தகையதே. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களே வன்னியின் குடியேற்ற ஊர்களுக்கு அடிப்படை. இரணைமடுவின் கீழும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழும் வயல் பெற்றோர் இவற்றாலேயே பெற்றனர். அனுமதிப்பத்திரக் கோவையிற் காணி பெற்றவர் பெயர், அவரது முன்னைய ஊர், அவருக்குப் பின் உரித்தாளியாக நியமிக்கப்பட்டவர் பெயர் ஆகியவற்றைத் தேடலாம். நியமனம் இல்லாதவிடத்து உரித்து யாருக்கு என வகுத்த பட்டியல் நெடுங்காலம் ஆண்மக்களையே முற்படுத்தி வந்தது. அதனாற் சீதன உறுதியில் மூன்று தலைமுறைப் பெண்கள் நின்ற அதே குடும்பத்தில், குடியேற்றக் கோவையில் மகன் பெயர் மாத்திரம் நிற்பதைக் காண்கிறோம். அப்பட்டியல் 2022 இற் திருத்தப்பட்டது. அதற்கு முற்பட்ட கோவைகளைப் படிப்போர், மகனுக்கு அடுத்த வரியில் எழுதப்படாத மகளை ஊராரிடம் கேட்டறிதல் வேண்டும். அவள் பெயரைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் முள்ளியவளையிலும் கனகராயன்குளத்திலும் இருக்கின்றனர்.